முற்றத்துக் கல்லில் ஏறிய கறை எப்படிப் போகும்?

நீங்கள் கேட்டதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் பிளாக். பின்பக்க முற்றத்திலும் துணி துவைக்கும் இடத்திலும் கடப்பா கல். போட்டு ஐந்தாறு வருடம் ஆகிறது. மழை முடிந்தால் பாசி, பூந்தொட்டி ஸ்டாண்டின் கால் நின்ற இடமெல்லாம் துரு வளையம், வாதாம் மரத்தடியில் கறுப்புக் கறை, கார்த்திகைக்கு வைத்த விளக்குகளின் எண்ணெய் வட்டம். கழுவ வந்தவர் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தார். பேவர் பிளாக் சொரசொரப்பாகிவிட்டது, கடப்பா கல்லில் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக வந்துவிட்டது. கறையும் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. இனி என்ன செய்யலாம்?

கல் தரை போடுவதும் பாலிஷ் பிடிப்பதுமாக எனக்கு இருபது வருடம் ஓடிவிட்டது. நான் பார்த்த வரை, கறையால் கெட்ட தரையைவிட ஆசிட்டால் கெட்ட தரைதான் அதிகம். அதனால் கறைக்கு முன்னால் கல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும்.

கடப்பா கல் என்பது சுண்ணாம்புக் கல். ஆந்திராவின் கடப்பா பக்கத்திலிருந்து வருவதால் அந்தப் பெயர். ராஜஸ்தானிலிருந்து வரும் கோட்டா கல்லும் சுண்ணாம்புக் கல்தான், தெலங்கானாவின் தாண்டூர் கல்லும் அதே இனம். சுண்ணாம்புக் கல்லின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதில் ஆசிட் பட்டால் நுரைக்கும். "நல்லா நுரைக்குது, அழுக்கு வெளியே வருது" என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள். நுரைப்பது அழுக்கு இல்லை, கல். கல்லின் மேல்தோல் கரையும்போது கார்பன் டை ஆக்சைடு நுரையாக வெளியேறுகிறது. தோல் போன இடம் வழவழப்பை இழந்து வெளிறித் தெரியும். உங்கள் முற்றத்தில் இருக்கும் சாம்பல் திட்டு அதுதான். அது கறையே இல்லை என்பதால் எதை ஊற்றித் தேய்த்தாலும் போகாது. அதற்கு வழி வேறு, கடைசியில் சொல்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ள உங்கள் துவைக்கும் கல்லையே பாருங்கள். அதன் மேல் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கம் இருந்தால், விளக்கின் அடி நின்ற வட்டம் வெள்ளையாக அப்படியே பதிந்திருக்கும். புளியின் புளிப்புக்கே கடப்பா கல் தோற்றுவிடும். பாத்ரூம் ஆசிட்டுக்கு எப்படித் தாங்கும்?

பேவர் பிளாக் சிமெண்ட் கான்கிரீட். அதில் சிமெண்டுப் பசைதான் ஜல்லியையும் மணலையும் பிடித்து வைத்திருக்கிறது. ஆசிட் அந்தப் பசையை அரிக்கும். மேலே மணல் துருத்திக்கொண்டு நிற்கும், கை வைத்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். அப்படியான தரை முன்பைவிட வேகமாக அழுக்குப் பிடிக்கும். ஆத்தங்குடி டைல்ஸும் சிமெண்ட் ஓடுதான், அதற்கும் ஆசிட் ஆகாது. கிரானைட் மட்டும் ஓரளவு தாங்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: வெளிர் நிறக் கிரானைட்டுக்குள் இரும்புச் சத்து இருந்தால் ஆசிட் பட்ட பிறகு மஞ்சள் பூக்கும். கடையில் விற்கும் மலிவு ஆசிட் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அதில் இரும்பு கலந்திருப்பதால்தான். துருவைப் போக்க என்று ஊற்றுகிற பாட்டிலிலேயே துரு இருக்கிறது. அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் கேட்டையும் கிரில்லையும்கூட அரித்துவிடும்.

உங்கள் தரை என்ன கல் என்று சந்தேகம் இருந்தால், கண்ணில் படாத ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கழுவிப் பாருங்கள். காய்ந்த பிறகு மங்கிய புள்ளி தெரிந்தால் அது சுண்ணாம்புக் கல்லோ சிமெண்ட் சார்ந்ததோதான், புளிப்பான எதையும் காட்டக்கூடாது. அதே மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் உறிஞ்சிக் கறுத்துப்போனால், கறையும் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கும் என்று அர்த்தம்.

சரி, இனி கறைக்கு வருவோம். பாசியிலிருந்து தொடங்குகிறேன், அது போனால்தான் மற்றவை தெளிவாகத் தெரியும்.

பச்சைப் பாசி சுலபம். மழைக்காலம் முடிந்து காயும்போது கறுப்பாக ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, அதுதான் பிடிவாதக்காரன். அது அழுக்கு என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள். அது உயிர். வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் கருநிறத்தைப் போர்த்திக்கொண்டு காய்ந்து கிடக்கும், அடுத்த மழைக்கு மறுபடி விழித்துக்கொள்ளும். சுரண்டினால் மேல்பாகம் மட்டும் போகும். கல்லின் துளைக்குள் இருப்பதைக் கொல்ல வேண்டும்.

அதற்குப் பிளீச்சிங் பவுடர் போதும். பத்து லிட்டர் வாளிக்கு 150 முதல் 200 கிராம் போட்டுக் கலக்கி அரைமணி நேரம் தெளியவிடுங்கள். அடியில் சுண்ணாம்பு படியும். அதைக் கிளறாமல் மேல் தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கறுப்புப் போய் வெள்ளைப் பூச்சு வந்து நிற்கும். வெயில் ஏறும் முன்னாலோ சாயங்காலமோ செய்யவேண்டும். உச்சி வெயிலில் குளோரின் வேலை செய்வதற்குள் போய்விடும், தண்ணீரும் காய்ந்துவிடும். முதலில் கூட்டிவிட்டுத் தரையைச் சும்மா தண்ணீரால் நனையுங்கள், பிறகு தெளிவை ஊற்றிப் பரப்புங்கள். இருபது நிமிடம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். கறுப்பு அன்றைக்கே முழுதும் போகாது. செத்தது வெளிறிப்போய் அடுத்த சில நாளில் தானே உதிரும். ஒரு வாரம் பொறுத்து, மிச்சம் இருந்தால் இன்னொரு முறை. செடிப் பாத்தி பக்கத்தில் இருந்தால் முதலில் பாத்தியை நன்றாக நனைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பிளீச்சிங் போட்ட இடத்தில் ஆசிட்டோ, ஆசிட் வாடை அடிக்கும் எந்தக் கழுவு திரவமோ அதே நாளில் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். திறந்த வெளிதானே என்று நினைக்காதீர்கள், குனிந்து தேய்ப்பவரின் முகத்துக்கு நேரே அது எழும்பும். ஒரு வேலையாள் இருமி இருமி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அம்மோனியா கலந்த கிளீனரும் பிளீச்சிங்கோடு சேரக்கூடாது.

பாசி எங்கே திரும்பத் திரும்ப வருகிறது என்றும் கவனியுங்கள். ஏசி தண்ணீர் சொட்டும் கோடு, தொட்டி நிரம்பி வழியும் இடம், வாட்டம் சரியில்லாமல் தேங்கும் பள்ளம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அங்கே ஒரு குழாய் இழுத்துவிடுவது பத்து முறை பிளீச்சிங் போடுவதற்குச் சமம்.

அடுத்தது துரு. இதில் பெரும்பாலானோர் செய்யும் தவறு, பாசிக்குப் போட்ட பிளீச்சிங்கையே துருவுக்கும் போடுவது. பிளீச்சிங் இரும்பை இன்னும் துருப்பிடிக்கத்தான் வைக்கும், கறை கருஞ்சிவப்பாகிக் கெட்டியாகும். துருவுக்கு வேண்டியது இரும்பைப் பிடித்துத் தண்ணீரில் கரையவைக்கும் பொருள். பேவர் பிளாக்குக்கும் கிரானைட்டுக்கும் அது ஆக்ஸாலிக் ஆசிட். புளிப்புக் காட்டக்கூடாது என்று மேலே சொன்னதற்குப் பேவரில் இது ஒன்று மட்டும் விலக்கு, அதுவும் இங்கே சொல்லும் அளவிலும் நேரத்திலும் மட்டும். மொசைக் பாலிஷுக்குப் போடும் ஆக்ஸாலிக் பவுடர் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் கரைத்து, முன்பே நனைத்து வைத்த கல்லின் மேல் கறை இருக்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்து நிறையத் தண்ணீர் விடுங்கள். அப்புறம் ஒரு கைப்பிடி வாஷிங் சோடா கரைத்த தண்ணீரால் ஒரு முறை அலசிவிடுங்கள். கம்பி பிரஷ்ஷைத் தொடவே தொடாதீர்கள். அதன் இரும்புத் துணுக்குகள் கல்லில் சிக்கி அடுத்த மழையில் நூறு புதுப் புள்ளிகளாக வரும்.

சிவப்புப் பேவருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்தச் சிவப்பே இரும்பு ஆக்சைடு நிறமிதான், துருவின் சொந்தக்காரன். கறையைக் கரைக்கும் மருந்து நிறத்தையும் கொஞ்சம் இறக்கலாம். ஒரு கல்லில் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். ஆக்ஸாலிக் விஷம் என்பதையும் மறக்கவேண்டாம். கையுறை, கண்ணாடி கட்டாயம். குழந்தைகளும் நாய் பூனையும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீந்த பவுடரைச் சமையலறையில் வைக்கக்கூடாது, பார்க்கச் சர்க்கரை மாதிரியே இருக்கும்.

கடப்பா கல்லில் ஏறிய துருவுக்கு ஆக்ஸாலிக் வேண்டாம். "பாலிஷ்காரர் நீங்களே போடுகிறீர்களே" என்று கேட்கலாம். போடுகிறோம், ஆனால் கடைசிக் கட்டத்தில், மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்போது. அந்த உரசலில் அது மேலே மெல்லிய படலமாகி மினுக்குக் கொடுக்கும். குட்டையாகத் தேங்கவிட்டால் அதே பவுடர் கல்லை மங்கவைத்துவிடும்.

சுண்ணாம்புக் கல்லுக்குப் புளிப்பில்லாத ஒரு வழி இருக்கிறது. எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஆப்பசோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். பொங்கிக்கொண்டே இருக்கும். இன்னும் போட்டாலும் பொங்கவில்லை என்ற நிலை வரும்போது நிறுத்துங்கள், ஏறக்குறைய 120 கிராம் பிடிக்கும். இப்போது அது ஆசிட் இல்லை, சோடியம் சிட்ரேட். புளிப்புப் போய்விட்டது, இரும்பைப் பிடிக்கும் குணம் மட்டும் நிற்கிறது. இதில் பழைய துணியை நனைத்துத் துருவின் மேல் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். துணியை எடுத்துவிட்டு அந்த ஈரத்தின் மேல் ஹைட்ரோஸ் பவுடரை மெல்லியதாகத் தூவவேண்டும். சாயப்பட்டறைகளில் நிறம் இறக்கப் போடுவார்களே, அதுதான். அதற்கு மேல் சாக் பவுடரைத் தண்ணீரில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்துப் பற்றுப் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், விட்டால் அந்த இடம் கறுக்கலாம். வழித்து எடுத்துக் கழுவினால் பழுப்பு இறங்கியிருக்கும். ஹைட்ரோஸில் கந்தக வாடை வரும், காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நில்லுங்கள். டப்பாவில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் சாமான், அதனால் வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள்.

துரு எங்கிருந்து வருகிறது என்பதில் ஸ்டாண்டை மட்டும் குற்றம் சொல்லவேண்டாம். தீபாவளி ராத்திரி எரித்துப் போட்ட கம்பி மத்தாப்புக் கம்பிகள் முற்றத்தில் கிடக்க, விடியற்காலை மழை பெய்தால் அவ்வளவுதான், கம்பி கிடந்த வாக்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழுப்புக் கோடு. ஐப்பசி அடைமழையும் தீபாவளியும் ஒன்றாக வரும் ஊரில் இது வருடாவருடம் நடக்கும். எரித்ததும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டால் கையும் சுடாது, தரையும் தப்பும்.

இப்போது உங்கள் வாதாம் மரத்தடிக் கறுப்பு. இதை விவரமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் பாதிப் பேர் இதைப் பாசி என்று நினைத்து வருடக்கணக்கில் தவறான மருந்து போடுகிறார்கள்.

நாட்டு வாதாம், தேக்கு, மா, நாவல் இந்த மரங்களின் இலையில் துவர்ப்புச் சத்து உண்டு. ஈரக் கல்லில் இலை ஒட்டிக்கிடந்து ஊறினால் அதன் வடிவத்திலேயே பழுப்பு அச்சு விழும், நரம்பு உட்படத் தெரியும். அது மட்டும் என்றால் கவலையில்லை, இலையைக் கூட்டிவிட்டால் வெயிலும் மழையும் மாறிமாறிப் பட்டு ஒன்றிரண்டு மாதத்தில் மங்கிவிடும். ஆனால் பக்கத்தில் இரும்பு இருந்தால் கதை வேறு. நம் ஊரில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துத்தான் கறுப்பு மை செய்தார்கள். கலம்காரித் துணியின் கறுப்பும் அப்படி வருவதுதான்: கடுக்காய் ஏற்றிய துணியில், வெல்லத்தில் ஊறிய இரும்புத் தண்ணீரால் எழுதுவார்கள், எழுத எழுதக் கறுத்துக்கொண்டே வரும். உங்கள் மரத்தடியில் அதே வேலைதான் நடக்கிறது. துருப்பிடித்த ஸ்டாண்டின் இரும்பு, வாதாம் இலையின் துவர்ப்பு, மழைத் தண்ணீர். கல்லின் மேல் மை காய்ந்திருக்கிறது.

எது பாசி, எது மை என்று கண்டுபிடிக்க ஒரு கரண்டி பிளீச்சிங் தெளிவை விட்டுப் பாருங்கள். பாசி என்றால் சில நிமிடத்தில் வெளிறும். மை என்றால் கறுப்பு மங்கி, அடியில் துருவின் பழுப்பு எட்டிப் பார்க்கும். உடனே நன்றாகக் கழுவிவிடுங்கள். மைக்கும் துருவுக்கும் மருந்து ஒன்றுதான். பேவரில் ஆக்ஸாலிக், கடப்பாவில் மேலே சொன்ன சிட்ரேட்டும் ஹைட்ரோஸும். ஆனால் பிளீச்சிங் சோதனை செய்த அன்றைக்கு வேண்டாம், இடத்தை நன்றாகக் கழுவிக் காயவிட்டு இரண்டு நாள் கழித்துச் செய்யுங்கள். இரும்பு கலக்காத வெறும் இலைக் கறைக்கும் நாவல் பழக் கறைக்கும் மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சாக் பவுடரில் குழைத்துப் பற்றுப் போட்டால் போதும்.

பற்று என்று சொல்கிறேனே, அதை எப்படிப் போடுவது என்று எண்ணெய்க் கறையை வைத்துக் காட்டுகிறேன்.

எண்ணெய் கல்லின் மேல் இல்லை, கல்லுக்குள் இருக்கிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் கழுவிய அன்று போன மாதிரி இருக்கும், நாலு நாளில் வெயிலில் சூடேறியதும் வட்டம் மறுபடி வந்து நிற்கும். உள்ளே இருப்பதைக் கரைத்து மேலே இழுத்து உறிஞ்சவேண்டும். வீக்கத்துக்குப் பற்றுப் போடுகிற மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள்.

கார் இன்ஜின் ஆயில் என்றால் சாக் பவுடரில் டர்பெண்டைனை விட்டுப் பிசைய வேண்டும். கை வழுக்காமல் உருண்டையாகப் பிடிக்க வரும் பதம். தண்ணியாக இருந்தால் அது எண்ணெயைக் கூட்டிக்கொண்டு பக்கவாட்டில் பரவும். கறையைவிட இரண்டு விரல் அகலமாக, அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, கரண்டியின் முதுகால் அழுத்துங்கள், அடியில் காற்று நிற்கக்கூடாது. மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு நாலு ஓரத்தையும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தாளை எடுத்துவிட்டுத் தானாகக் காயவிடவேண்டும், இந்தப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூடியிருக்கும்போது கரைகிறது, காயும்போதுதான் மேலே ஏறுகிறது. நன்றாகக் காய்ந்த பற்று ஓரங்களில் வெடித்துக் கல்லைவிட்டு எழும்பும். அதைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் மஞ்சளாக எண்ணெய் ஊறியிருக்கும். ஒருமுறையில் போகாது. இரண்டு மூன்று முறை போடவேண்டி வரும், ஒவ்வொரு முறையும் வட்டம் வெளிறிக்கொண்டே போகும். டர்பெண்டைன் தீப்பற்றும், பீடி சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது. பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் ஊற்றித் தேய்ப்பது வேண்டாம், இருக்கும் எண்ணெயை அவை இன்னும் ஆழத்துக்குத்தான் இறக்கும்.

விளக்கிலிருந்து கசிந்த எண்ணெயின் வட்டம் கொஞ்சம் வேறு மாதிரி. புதிதாகச் சிந்தியதென்றால் உடனே அரிசி மாவையோ தவிட்டையோ கொட்டி ராத்திரி முழுவதும் விட்டுக் காலையில் கூட்டினாலே பெரும்பகுதி வந்துவிடும். தேய்க்கவேண்டாம், கொட்டி மட்டும் வைக்கவேண்டும். நாள்பட்ட நல்லெண்ணெய் அப்படியில்லை. காற்றுப் பட்டுப்பட்டு இறுகிப் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். அதற்கு முதலில் வாஷிங் சோடா கரைத்த வெந்நீரால் இரண்டு முறை தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு பற்றுப் போடுங்கள். சோடா காரம், புளிப்பு இல்லை, கடப்பா கல்லுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த கார்த்திகைக்கு அகல்களை முன்னாடியே தண்ணீரில் ஊறவைத்து, மேல் ஈரம் மட்டும் காயவிட்டு ஏற்றுங்கள். மண் தண்ணீரைக் குடித்துவிட்டால் எண்ணெயை அவ்வளவாகக் குடிக்காது, அடியில் கசிவதும் குறையும். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு வாழையிலைத் துண்டு வைத்தால் இன்னும் நல்லது.

சீயக்காய் போட்டால் எண்ணெய் போகுமே என்று கேட்பீர்கள். போகும், ஆனால் வெளிர் கல்லில் அதன் பழுப்பு நிற்கும். கடப்பாவில் பரவாயில்லை, சாம்பல் பேவரில் வேண்டாம்.

மஞ்சளுக்கும் ஆரத்திக்கும் அதிகம் மெனக்கெட வேண்டாம். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதே மஞ்சளில் சுண்ணாம்பு சேர்வதால்தான், சோப்பும் சுண்ணாம்பு மாதிரி காரம் என்பதால் அதைப் போட்டால் இன்னும் சிவக்கும். பயந்துவிடாதீர்கள். வெறும் தண்ணீரால் கழுவிவிட்டு வெயில் படவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது, சில நாளில் போய்விடும்.

பட்டாசுக் கரி சோப்புத் தண்ணீருக்குப் போகும். பாம்பு மாத்திரை கொளுத்திய கறுப்பு மட்டும் போகாது. அது வெறும் கரி, கரியை எந்த மருந்தாலும் வெளுக்க முடியாது, தேய்த்து எடுப்பதுதான் வழி. ஒரு உடைந்த செங்கல்லைக் கொடுத்து அதன் மேல் வைத்துக் கொளுத்தச் சொல்லுங்கள்.

வெள்ளையாகப் படிவதில் இரண்டு வகை. பேவரில் புதிதாகப் போட்ட ஒன்றிரண்டு வருடம் உள்ளிருந்து உப்பு பூக்கும். அதைத் தண்ணீரால் கழுவினால் கரைந்து உள்ளே போய் மறுபடி வரும். நன்றாகக் காய்ந்த நாளில் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி எடுத்துவிடுங்கள், மழைக்கு மழை குறைந்துகொண்டே வரும். இன்னொன்று போர்த் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு, குழாயடியில் கெட்டியாக ஒட்டியிருப்பது. இதைக் கடப்பா கல்லிலிருந்து ஆசிட் போட்டு எடுக்கவே முடியாது. ஏனென்றால் படிவும் கால்சியம் கார்பனேட், கல்லும் கால்சியம் கார்பனேட். ஆசிட்டுக்கு எதைக் கரைப்பது, எதை விடுவது என்று தெரியாது. தகட்டுக் கரண்டியைப் படுக்கைவாட்டில் பிடித்து, தண்ணீர் விட்டுக்கொண்டே பொறுமையாகச் சுரண்டுவதுதான் ஒரே வழி.

பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசிப்பீர்கள். பாசிக்கு நல்லது, துருவுக்கும் எண்ணெய்க்கும் அது பிரயோஜனமில்லை. ஆசிட்டில் ஏற்கெனவே தோல் போன உங்கள் பேவருக்கு நான் சொல்லமாட்டேன். எடுத்தே ஆகவேண்டுமென்றால் விசிறி மாதிரி பீய்ச்சும் முனையைப் போட்டு, ஒரு அடி தள்ளிப் பிடித்து, சாய்வாக ஓட்டுங்கள். பேவர் இடுக்கில் இருக்கும் மணல் கண்டிப்பாகக் கிளம்பும். தரை காய்ந்ததும் சலித்த மெல்லிய மணலைப் பரப்பி இடுக்குகளில் கூட்டித் தள்ளி நிரப்பிவிட வேண்டும். நிரப்பாமல் விட்டால் கல் ஆட ஆரம்பிக்கும், எறும்பு புற்று வைக்கும், கார் ஏறி இறங்கும் தடத்தில் பள்ளம் விழும்.

இனி ஆசிட் பட்ட கடப்பா கல். திட்டுகள் சின்னதாக இருந்தால் நீங்களே சரி செய்யலாம். பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், 120, 220, 400 என்று மூன்று எண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மரக்கட்டையில் 120-ஐச் சுற்றி, தண்ணீர் விட்டுக்கொண்டே திட்டையும் அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்தையும் சேர்த்து வட்டமாகத் தேயுங்கள். திட்டை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழும். கறுப்புச் சேறு கிளம்பும், அதைக் கழுவிக் கழுவிப் பாருங்கள். திட்டின் ஓரம் மறைந்ததும் 220, பிறகு 400. வெளிமுற்றம் என்பதால் அதற்கு மேல் வழவழப்பாக்கவேண்டாம், மழையில் வழுக்கும். தண்ணீர் பட்டிருக்கும்போது எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரியும், காய்ந்த பிறகு பார்த்துத்தான் முடிந்ததா என்று முடிவு செய்யவேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் உடனே கறுப்பாகும் என்று சொல்வார்கள். ஆகும். ஆனால் ஒரு வாரத்தில் தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும், மறுபடி எண்ணெய்க் கறை எடுக்கத்தான் உட்காரவேண்டும்.

முற்றம் முழுக்கத் திட்டு என்றால் பாலிஷ்காரரைக் கூப்பிட்டு ஒரு சுற்று கல் பிடித்துவிடுவது நல்லது. மெஷினில் மாட்டும் தேய்ப்புக் கல்லில் எந்த நம்பரோடு நிறுத்துவார் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கடைசியில் ஆக்ஸாலிக் போட்டு மினுக்கவேண்டாம், வெளித்தரைக்கு அது தேவையில்லை என்றும் சொல்லிவிடுங்கள். வேலை முடிந்து மூன்று நாலு நாள் நல்ல வெயிலில் காய்ந்த பிறகு, தண்ணீரும் எண்ணெயும் உறிஞ்சாமல் தடுக்கும் சீலரில், கல்லுக்குள் இறங்கும் வகையை ஒரு கை அடியுங்கள். மேலே பளபளவென்று படலமாக நிற்கும் வகை வேண்டாம், அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு தோல் மாதிரி உரியும். பேவருக்கும் இதே சீலர் ஆகும். தோல் போன பேவருக்கு இது இன்னும் அவசியம், போனது திரும்ப வராது என்றாலும் எண்ணெயும் சேறும் உள்ளே இறங்குவது குறையும். அடித்த மறுநாள் நாலு இடத்தில் தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பாருங்கள். முத்தாக நிற்கவேண்டும். உறிஞ்சிக் கறுத்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு கை. பூந்தொட்டி ஸ்டாண்டின் கால்களுக்கு ரப்பர் உறை மாட்டிவிட்டு, அப்புறம் திரும்ப வையுங்கள்.